பிக்கப் வண்டியின் முன்பக்கத்தைச் சமப்படுத்துதல்: சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில் விற்பனையாகும் ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் 1500 போன்ற பிக்கப் வண்டிகளைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், பின்பக்கம் சற்று உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் நிற்பது தெரியும். மாடலைப் பொறுத்து இந்தச் சாய்வு கூடும், குறையும். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு அங்குலத்தை ஒட்டி இருக்கும். இது தயாரிப்புக் குறை அன்று. பின்தொட்டியில் சுமை ஏறும்போதோ டிரெய்லரின் முனை ஹிட்ச்சில் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) அமரும்போதோ பின் ஸ்பிரிங் அழுந்தி வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே, வெறும் வண்டியில் பின்பக்கத்தை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். ஆகவே சமப்படுத்துவது என்பது, சுமைக்காக ஒதுக்கி வைத்த உயரத்தைத் தோற்றத்துக்காகவும் பெரிய டயருக்காகவும் செலவழிப்பதே. அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்பதை முன்பக்கம் சொல்லாது, பின்பக்கம்தான் சொல்லும். கடையில் முன்பக்க உதிரிபாகங்களைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே பின்பக்கத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுவது நல்லது.

முதல் வேலை அளப்பது. எரிபொருள் தொட்டியை நிரப்பி, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அட்டையில் குறித்த அளவுக்கு டயர்களில் காற்றடித்து, மட்டமான தளத்தில் வண்டியைச் சில அடி தூரம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். ஜாக்கியில் ஏற்றி இறக்கிய கையோடு அளந்தால், சஸ்பென்ஷன் இன்னும் தன் நிலையில் அமர்ந்திராததால் அளவு தவறும். பிறகு நான்கு சக்கரங்களிலும் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டயரை மாற்றினாலும் இந்த அளவு மாறாது என்பதால், வேலை முடிந்த பின் ஒப்பிட இதுவே உதவும். முன், பின் மட்கார்டு வளைவுகள் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், உண்மையான சாய்வை அறிய, கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டத்தின் முன்முனையும் பின்முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். இடது வலது வேறுபாட்டையும் கவனியுங்கள். ஓட்டுநர் பக்கம் சற்றுத் தாழ்ந்திருப்பது பல வண்டிகளில் இயல்பு. அதை அறியாமல் இருபுறமும் ஒரே தடிமனில் ஸ்பேசர் (உயரத்தைக் கூட்ட இடையே வைக்கும் துண்டு) வைத்துவிட்டு, வண்டி ஒருக்களித்து நிற்கிறது என்று கடைக்காரரோடு சண்டை போடுவோர் உண்டு.

இதே அளவுகளை, நீங்கள் வழக்கமாக இழுக்கும் டிரெய்லரை மாட்டியோ ஏற்றும் சுமையை ஏற்றியோ மறுபடி எடுங்கள். எடுத்துக்காட்டாக, வெறும் வண்டியில் முன்பக்கம் இரண்டரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது, டிரெய்லரை மாட்டினால் பின்பக்கம் இரண்டு அங்குலம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கினால், வெறும் வண்டியாக அழகாக நிற்கும். டிரெய்லரை மாட்டியதும் வால் ஒன்றரை அங்குலம் தொங்கும். அப்போது முன்சக்கரங்களின் மேல் பாரம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இத்தகையவர் முன்பக்கத்தை ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அல்லது பின்பக்கத்துக்குத் துணை ஸ்பிரிங் ஏதாவது சேர்க்க வேண்டும். வால் தொங்குவதையே அழகென்று கொண்ட ஒரு கூட்டமும் அமெரிக்காவில் உண்டு. அந்த மோகம் முற்றிப்போய், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று வட கரோலினா மாநிலம் 2021-இல் சட்டமே இயற்றியது.

பின்பக்கத் துணைகளில், எப்போதாவது மட்டும் சுமை ஏற்றுபவருக்கு ஏர்பேக்கே பொருத்தம் என்பது என் கருத்து. வண்டியின் அடிச்சட்டத்துக்கும் ஆக்சிலுக்கும் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) இடையே அமரும் இந்தக் காற்றுப்பைகளை ஃபயர்ஸ்டோன், ஏர் லிஃப்ட் ஆகிய நிறுவனங்கள் வெவ்வேறு வண்டிகளுக்கேற்பத் தயாரிக்கின்றன. சுமை ஏறியதும் காற்றை ஏற்றி வாலை உயர்த்தலாம். இறக்கியதும், நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அழுத்தத்துக்குக் குறைத்துவிடலாம். முழுவதும் காலியாக விட்டு ஓட்டினால் பை மடிந்து கிழியும். 2009 முதல் பின்பக்கத்திலும் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்) கொண்டுள்ள ராம் 1500-க்கு, காயிலின் உள்ளேயே நுழைந்து அமரும் பை கிடைக்கிறது. அன்றாடம் பாரம் சுமக்கும் வண்டிக்கு லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது உறுதியானது. ஆனால் வெறும் வண்டியாக ஓடும்போது மேடு பள்ளம் ஒவ்வொன்றும் இடுப்பில் தெரியும். ஆக்சிலுக்கும் லீஃபுக்கும் நடுவே வைக்கும் பிளாக் உயரத்தை மட்டும் தரும், பலத்தைத் தராது; ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்குவது ஆபத்து. இவற்றில் எதைப் பொருத்தினாலும், கதவுச் சட்டத்து அட்டையில் அச்சிட்டுள்ள சுமை வரம்பு ஒரு பவுண்டுகூட உயராது.

இனி முன்பக்கம். உங்கள் வண்டியில் எந்த வகை சஸ்பென்ஷன் இருக்கிறது என்பதே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2004-க்குப் பிந்தைய எஃப்-150, 2007-இல் வந்த தலைமுறை முதலான சில்வராடோ 1500, இப்போதைய ராம் 1500 ஆகியவற்றில் ஷாக்கும் (குலுக்கலை அடக்கும் குழாய்) காயில் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக இருக்கும். சில்வராடோ 2500 எச்டியில் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு). நான்கு சக்கர இயக்கமுள்ள எஃப்-250, ராம் 2500 ஆகியவற்றில் காயில் ஸ்பிரிங்கோடு, இரு முன்சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்சில்.

முதல் வகைக்கு மிகவும் மலிவான வழி, ஷாக் தொகுப்பின் தலையில் வைக்கும் ஸ்பேசர். தொகுப்பின் அடிமுனை, சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரு கைகளில் கீழ்க் கையின் நடுப்பகுதியில் பிடித்திருப்பதால் நெம்புகோல் கணக்கு இங்கே வேலை செய்கிறது. ஓர் அங்குல ஸ்பேசர் சக்கரத்தருகே ஏறத்தாழ இரண்டு அங்குல உயரத்தைத் தரும். எனவே பெட்டியில் எழுதியிருப்பது ஸ்பேசரின் தடிமனா, வண்டி உயரும் அளவா என்று கேட்டு வாங்குங்கள். இதில் ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை என்பதால் வண்டியின் மென்மை பெரிதாக மாறாது. ஆனால் சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நிலை முன்பைவிடத் தாழ்ந்துவிடும். மேல் பால் ஜாயிண்டும் (மேல் கையைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு) நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியின் சிவி ஜாயிண்டும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) வடிவமைத்ததைவிடக் கூடுதலான கோணத்தில் வேலை செய்ய நேரும். இரண்டு அங்குல உயரம் வரை இதைப் பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் போக நினைப்பவர் மேல் கைகளையும் மாற்றக் கணக்குப் போட வேண்டும்.

ஸ்பிரிங்கின் இருக்கையையே உயர்த்துவது இரண்டாவது வழி. பில்ஸ்டைன் 5100 போன்ற ஷாக்குகளின் உடலில் வரிசையாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். வளையத்தை எந்தப் பள்ளத்தில் மாட்டுகிறோமோ அந்த உயரத்தில் இருக்கை நிற்கும். சக்கரத்தின் தொங்கும் எல்லையை ஷாக்கின் நீளமே காக்கிறது என்பதால் ஜாயிண்டுகளுக்கு இது பாதுகாப்பு. ஆனால் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் கீழ்நோக்கிப் போக இடம் குறைந்துவிடுவதால், மிக உயர்ந்த பள்ளத்தில் மாட்டிய வண்டி வேகத்தடையைத் தாண்டியதும் முன்சக்கரம் 'டக்' என்று இழுத்து நிற்பதை உணரலாம். இப்படி உயர்த்திய ஷாக்கின் தலையில் ஸ்பேசரும் வைத்து இரண்டு பலனையும் சேர்த்துப் பெற நினைக்காதீர்கள். இரண்டின் கெடுதியும் சேர்ந்து வரும். ஐம்பதாயிரம் மைலைத் தாண்டிய வண்டியில் பழைய ஷாக்கின் மேல் ஸ்பேசர் வைப்பதைவிட, எப்படியும் மாற்ற வேண்டிய ஷாக்கை இந்த வகையில் வாங்கிவிடுவதே கெட்டிக்காரத்தனம். கரடுமுரடான பாதையில் வேகமாக ஓட்டுபவருக்கும், முன்னால் இரும்பு பம்பரோ வின்ச்சோ (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) பொருத்தியவருக்கும், அந்த எடைக்கேற்ற புது ஸ்பிரிங்கோடு வரும் முழுத் தொகுப்பு தேவைப்படும். மற்றவர்களுக்கு அது வீண் செலவு.

டார்ஷன் பார் வண்டியில் சரிசெய்யும் போல்ட்டை முறுக்கியோ, பாரின் முனையைப் பிடிக்கும் 'சாவி' என்ற பாகத்தை மாற்றியோ உயரத்தைக் கூட்டலாம். கீழ்நோக்கிய அசைவு குறைவதால் ஓட்டம் விறைக்கும். முழு ஆக்சில் வண்டியில் காயிலின் மேல் ஸ்பேசர் வைத்தால் போதும், ஆனால் ஆக்சிலைக் குறுக்கே பிடிக்கும் டிராக் பார், உயரம் கூடும்போது ஆக்சிலைச் சற்று ஒரு பக்கமாக இழுக்கும். உயரம் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் நீளத்தைச் சரிசெய்யக்கூடிய டிராக் பாரையும் சேர்த்து வாங்குங்கள்.

பொருத்தும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மேல் பால் ஜாயிண்டைக் கழற்றியதும் சக்கரத்தின் நக்கிள் (ஹப்பைத் தாங்கும் பாகம்) வெளிப்புறமாகச் சாய்ந்து சிவி ஜாயிண்டையும் பிரேக் ஹோஸையும் இழுக்கும். அதைக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட வேண்டும். கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் அமர்ந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். எடை இறங்கிய பின்பே இறுதியாக இறுக்க வேண்டும். இருக்கையை மாற்றும் வழியில் ஸ்பிரிங்கை அழுத்திக் கட்ட வேண்டியிருப்பதால், சரியான கருவி இல்லாதவர் அதைப் பட்டறையிடமே விட்டுவிடட்டும். நழுவும் ஸ்பிரிங் எலும்பை முறிக்கும்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். முன்பக்கம் உயர்ந்தால் டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறி டயர் ஓரம் தேயும்; காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி நேர்கோட்டைப் பிடிக்காமல் அலையும். ஹெட்லைட்டைக் கீழே இறக்கிச் சரிசெய்யுங்கள். கண்ணாடியில் கேமராவும் முன்னால் ராடாரும் உள்ள வண்டிக்கு அவற்றையும் மறுபடி அளவுபடுத்த வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள். பாரத்தைப் பகிரும் ஹிட்ச் வைத்திருப்பவர், பழைய உயரத்துக்கு அமைத்த அதன் தலைப்பகுதியைப் புதிய அளவுக்கு மாற்றிய பின்பே டிரெய்லரை மாட்ட வேண்டும். சில நூறு மைல் ஓடிய பின், கழற்றி மாட்டிய எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) ஒருமுறை சோதித்து, முதலில் குறித்துவைத்த அளவுகளோடு நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.