டெக்சாஸ் பள்ளி வரி: கோபம் சரி, கேட்கிற இடம்தான் தப்பு

அக்டோபர் வாக்கில் சொத்து வரி பில் வந்ததும்தான் நமக்கெல்லாம் ரத்தம் கொதிக்கும். பில்லில் பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது நம் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குப் போவது. ஆனால் அவர்களுடைய பட்ஜெட் அதற்குள் நிறைவேறி மாதக்கணக்காகியிருக்கும். நிதியாண்டு ஜூலை 1 அல்லது செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. பட்ஜெட்டை அதற்கு முன்பே நிறைவேற்றியாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டமும் உண்டு. கோபத்தோடு போக வேண்டியது அங்கேதான்.

முதல்முறை நான் போனபோது வெளியாட்கள் மொத்தம் நாலு பேர். 3 நிமிடப் பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: "ஸ்டேடியத்துக்குக் காசு இருக்கு, டீச்சர் சம்பளத்துக்கு மட்டும் இல்லையா?" கூட்டம் முடிந்ததும் நிதி அதிகாரி பொறுமையாகச் சொன்னார், "அது வேற பை சார்."

உண்மைதான். வரி விகிதத்துக்கு இரண்டு பாகம். எம் அண்ட் ஓ என்பது சம்பளம், மின்சாரம், பஸ் போன்ற நடப்புச் செலவு. ஐ அண்ட் எஸ் என்பது பாண்ட் கடனை (கட்டடம் போன்றவற்றுக்காகக் கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்தை) அடைக்க மட்டும். அதிலிருந்து ஆசிரியர் சம்பளம் கொடுக்கச் சட்டம் விடாது. டெக்சாஸின் ஆலன் நகரில் 2012-இல் 6 கோடி டாலரில் திறந்த பள்ளி ஸ்டேடியம்கூட, 2009-இல் மக்களே ஓட்டுப் போட்டு அனுமதித்த பாண்டில் கட்டியதுதான். (திறந்து இரண்டே வருடத்தில் கான்கிரீட் விரிசலால் மூடினார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்!) 2019 சட்டத்துக்குப் பிறகு, 1,000 இருக்கைக்கு மேற்பட்ட ஸ்டேடியம் என்றால் வாக்குச்சீட்டில் தனிக் கேள்வியாக வர வேண்டும். வகுப்பறைக்கு ஆம், ஸ்டேடியத்துக்கு இல்லை என்று பிரித்துப் போடலாம். படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைக் குத்திவிட்டு வராதீர்கள்.

அப்புறம், "வீட்டு மதிப்பு ஏறிடுச்சு, பள்ளிக்குக் கொழுத்த லாபம்" என்ற பேச்சு. நடப்புச் செலவைப் பொறுத்தவரை அப்படி இல்லை. உள்ளூர் வசூல் ஏறினால் மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். பணக்கார மாவட்டங்களிடம் மிஞ்சுவதை 1993-இலிருந்து திரும்ப வாங்கியும் கொள்கிறது. ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 2019-இலிருந்து 6,160 டாலரிலேயே நின்று, 2025-இல்தான் 55 டாலர் ஏறியது. அதுவும் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு இல்லை, சராசரி வருகைக்கு.

"நமக்குத்தான் ஓட்டு இல்லையே, ஹெச்1பி வேலை விசாதானே" என்று ஒதுங்குவது நம்மவர்களின் தனித் தவறு. கூட்டத்தில் பேசவோ கணக்குக் கேட்டு எழுதவோ குடியுரிமை தேவையில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்றும் அவர்கள் கேட்கக் கூடாது. ஆனால் "மூன்று வருடக் கணக்கு முழுவதும்" என்று கேட்காதீர்கள். கணக்கை எடுத்துத் தருவதற்கான கட்டணம் 40 டாலரைத் தாண்டினால் கணக்குக்கு முன்னால் கட்டண மதிப்பீடுதான் வரும். ஒரு ஒப்பந்தம், ஒரு மாதம் என்று குறுக்கிக் கேளுங்கள்.