புது ரேஷன் கார்டு: விண்ணப்பத்துக்கு முன்னால் பெயர் நீக்கம்

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன என் தம்பி, போன வேகத்திலேயே புது ரேஷன் கார்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தான். சில வாரம் கழித்துப் பார்த்தால் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று இருந்தது. அவன் மனைவியின் பெயர் அவள் அம்மா வீட்டுக் கார்டில் அப்படியே இருந்ததுதான் காரணம். அதன் பிறகு எங்கள் தெருவில் யார் கார்டு போடக் கேட்டு வந்தாலும், விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கும் முன் நான் முதலில் கேட்பது, “உங்க பேரு இப்ப எந்தக் கார்டுல இருக்கு?” என்பதைத்தான்.

தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொது. வருமானச் சான்று கேட்டு யாரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவதில்லை. 2011 ஜூன் முதல் அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். தனியாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பம் எதுவானாலும் கார்டு கேட்கலாம். தனியாக வாழும் பெண்ணும் கேட்கலாம். கூச்சப்பட வேண்டிய காரியமே இல்லை.

முதல் வேலை: பழைய கார்டிலிருந்து பெயரை எடுப்பது

ஒரு ஆதார் எண் ஒரு கார்டில்தான் இருக்க முடியும். அதனால் கணவன், மனைவி இருவர் பெயரையும் அவரவர் பெற்றோர் கார்டிலிருந்து நீக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் பொது விநியோகத் திட்ட (டிஎன்பிடிஎஸ்) இணையதளத்தில் பழைய கார்டுக்குப் பதிவான கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். உள்ளே போய் உறுப்பினர் நீக்கத்துக்கான கோரிக்கையைப் பதியுங்கள். காரணம் திருமணம் என்றால் திருமணச் சான்றை ஏற்றுங்கள். அந்தக் கைபேசி அப்பாவிடமோ மாமனாரிடமோ இருக்கும். ஓடிபி வரும் நேரத்தில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போனிலாவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நீக்கம் ஒப்புதலாகும் வரை புது விண்ணப்பம் போடாதீர்கள். இந்தக் காத்திருப்பு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நிராகரிக்கப்பட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் இன்னும் அதிக நாள் போகும்.

இரண்டாவது: தாள்களைச் சேர்ப்பது

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஆதார் வேண்டும். கைக்குழந்தைக்கு ஆதார் இன்னும் எடுக்கவில்லை என்றால் பிறப்புச் சான்று. குடும்பத் தலைவரின் பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும். முகவரிக்கு மின்கட்டண ரசீது, சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், கேஸ் பில் இவற்றில் ஒன்று போதும். வாடகை வீட்டில் மின்கட்டணம் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதையே கொடுங்கள். கேஸ் இணைப்பு இருந்தால் நுகர்வோர் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: விண்ணப்பம்

இணையதளத்தின் முகப்பிலேயே புதிய மின்னணு அட்டைக்கு, அதாவது ரேஷன் கார்டுக்கு, விண்ணப்பிக்கும் இணைப்பு இருக்கிறது. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆதாரில் உள்ளபடி நிரப்புங்கள். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கே விழும் பிழை கார்டிலும் அப்படியே அச்சாகும். பிறகு உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சேர்த்து, படத்தையும் முகவரிச் சான்றையும் ஏற்றுங்கள்.

அட்டை வகை கேட்கும் இடத்தில் நிதானியுங்கள். அரிசி கார்டு, அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை கிடைக்கும் சர்க்கரை கார்டு, எந்தப் பொருளும் இல்லாத பண்டகமில்லா கார்டு என்று வகைகள் உண்டு. ‘அரிசி வாங்கப் போறதில்லையே’ என்று சிலர் சர்க்கரையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வேலை போகும், உடம்புக்கு முடியாமல் போகும். அன்றைக்கு அந்த அரிசி தேவைப்படும். நினைத்தபோது வகையை மாற்ற முடியாது. அதனால் அரிசி கார்டையே கேளுங்கள் என்பதுதான் நான் சொல்வது. மிகவும் வறிய குடும்பங்களுக்கான, மாதம் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா வகையை அரசே தகுதி பார்த்து ஒதுக்குகிறது.

சமர்ப்பித்ததும் ஒரு குறிப்பு எண் வரும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்க அந்த எண்தான் வேண்டும். கைபேசியில் செய்ய வராதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கேயும் ‘சமர்ப்பி’யை அழுத்தும் முன் திரையை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நான்காவது: வீட்டுக்கு வரும் விசாரணை

இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். நீங்கள் அந்த முகவரியில் இருக்கிறீர்களா, தனியாக அடுப்பு வைத்துச் சமைக்கிறீர்களா என்பதுதான் அவர் பார்ப்பது. ஒரே கட்டடத்தில் கீழே பெற்றோர், மாடியில் நீங்கள் என்றால் மாடியில் தனிச் சமையலறையும் அடுப்பும் இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் வீடு பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: “கார்டுக்கு விசாரிக்க வருவாங்க, வந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க.” தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் அந்த நாட்களில் எடுங்கள். மூலச் சான்றுகளை ஒரே உறையில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

விண்ணப்பம் நகராமல் கிடந்தால் 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணில் குறிப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கும். தாள்களோடு நேரில் போய் நின்றால் எங்கே சிக்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். நிராகரித்திருந்தால் காரணத்தைக் கேட்டு, அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். என் தம்பிக்கும் இரண்டாவது முறைதான் கார்டு வந்தது.

கார்டு கைக்கு வந்தபின்

கடையில் பெரும்பாலும் கைரேகை வைத்துத்தான் பொருள் வாங்க வேண்டும். நடமாட முடியாத பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால், அவர்கள் சார்பில் வாங்க ஒருவரை நியமிக்கும் படிவம் உண்டு, கடையில் கேளுங்கள். ஒவ்வொரு முறை வாங்கியதும் பதிவு செய்த கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அதை அழித்துவிடாமல், பையில் இருக்கும் பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்காத பாமாயிலை வாங்கியதாகச் செய்தி சொன்னால், அன்றைக்கே 1967க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள்.