பினாங்கில் சில மாதம் தங்கும் இருவருக்கு: சனி, ஞாயிறை அவசரமில்லாமல் கழிப்பது எப்படி

பினாங்குக்கு மூன்று நாள் வந்து போகிறவர்களுக்கான குறிப்புகள் எங்கும் கொட்டிக் கிடக்கின்றன. வேலை நிமித்தமாகவோ, எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்பதாலோ சில மாதங்கள் தங்கப்போகும் கணவன் மனைவிக்கு அவை முதல் இரண்டு வாரத்துக்குத்தான் உதவும். சுவர் ஓவியம், கெக் லோக் சி பௌத்தக் கோயில், கொடிமலை (பினாங்கு ஹில்) எல்லாம் பார்த்து முடித்ததும் சனிக்கிழமை காலையில் "இன்னைக்கு எங்க போறது?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்குவீர்கள். அங்கிருந்துதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு ஏற்பாடு. ஒரு நாளைக்கு இரண்டே காரியம்: காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காலையில் என்ன செய்வது என்பதை ஒருவர் முடிவு செய்யட்டும், சாயங்காலத்தை மற்றவர், ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இருவரும் ஒரே வீட்டில் வேலை பார்த்து ஒரே வீட்டில் சாப்பிட்டு, வாரம் முழுக்கப் பேசித் தீர்த்த பிறகு, வார இறுதியிலும் எல்லாவற்றையும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால் அதிலேயே பாதி நாள் போய்விடும். நடுப்பகல் வீட்டுக்கு. பதினொன்றிலிருந்து நாலு வரை வெயிலும் புழுக்கமும் ஆளை உருக்கிவிடும், பல நாள் மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும், போதாததற்குக் கோலாலம்பூரிலிருந்தும் அக்கரையிலிருந்தும் பாலம் ஏறி வருகிற கூட்டம் ஊருக்குள் நிறைவதும் அந்த நேரத்தில்தான்.

கடிகாரத்தையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். மலேசிய நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, ஆனால் சூரியன் அந்த அளவுக்கு முன்னால் வருவதில்லை. ஆண்டு முழுக்க ஏழு மணிக்கு மேல்தான் விடியும், ஜனவரி பிப்ரவரியில் ஏழரையாகிவிடும். ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தால் கும்மிருட்டு. அதற்கு ஈடாக, பெரும்பாலான மாதங்களில் சாயங்காலம் ஏழேகால், ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். ஆகவே நிதானமாக ஏழு மணிக்குக் கிளம்பலாம், சாயங்காலம் ஐந்துக்கு முன் வாசலைத் தாண்டத் தேவையில்லை.

வெள்ளி இரவே துணியைத் துவைத்துவிடுங்கள். காசு போட்டால் துவைத்து உலர்த்தித் தரும் டோபிக் கடை எந்தக் குடியிருப்புக்குப் பக்கத்திலும் இருக்கும், மழைக்காலத்தில் பால்கனியில் காயப்போட்டுக் காத்திருப்பதைவிட அது மேல்.

சனிக்கிழமை காலைக்கு நான் முதலில் சொல்வது தண்ணீர்மலைப் பக்கம். அங்கே ஒரே சாலையில் நகரத்தார் கட்டிய முருகன் கோயில், மலைமேல் 513 படி ஏறிப் போகும் பாலதண்டாயுதபாணி கோயில், சாலை முடியும் இடத்தில் 1884-இல் அமைந்த தாவரவியல் பூங்கா என்று எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. தைப்பூசத்தன்று இந்தச் சாலையில் கால் வைக்க இடமிருக்காது, மற்ற சனிக்கிழமைகளில் நடைப்பயிற்சிக்கு வரும் சீனத் தாத்தா பாட்டிகள்தான். பூங்காவில் நாகலிங்க மரங்கள் உண்டு, பூத்திருக்கும் நாளில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூ, கீழே கோயில் வாசனை. மரக்கிளைகளைச் சற்று நின்று பாருங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை மையால் வளையம் போட்டதுபோல் சாம்பல் நிறக் குரங்குகள் உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருக்கும், சத்தம் போடாது, யாரையும் சீண்டாது. குட்டி ஈன்ற தாய் இருந்தால் நிச்சயம் கண்ணில் படும், ஏனென்றால் குட்டி தாயின் சாயலே இல்லாமல் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இருவருமாகப் பத்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்காகவே நான் திரும்பத் திரும்பப் போகத் தயார். நீளவாலுள்ள பழுப்புக் குரங்குகள் வேறு ரகம், கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் பிடுங்கிவிடும், ஆகவே தின்பண்டம் எதையும் கையில் எடுத்துப் போகாதீர்கள்.

கால் வலுவிருந்தால் பூங்கா வாசலருகே தொடங்கும் ஜீப் பாதையில் கொடிமலை உச்சி வரை ஏறலாம். ஐந்து கிலோமீட்டர் போல வரும், தார்ப்பாதைதான் என்றாலும் செங்குத்து, இரண்டு மணி நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். மேலே நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருக்கும், ஒரு முருகன் கோயிலும் உண்டு. 1923-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மலை ரயிலில் இறங்கிவிடுங்கள், ஒருவழி டிக்கெட் மட்டும் வாங்கினால் போதும். நடக்காமல் ரயிலிலேயே மேலே போகிறவர்களுக்கும் முதல் ரயில் காலை ஆறரைக்கே உண்டு. பத்து மணிக்குள் கீழே வந்துவிடுவது முக்கியம், அதற்கு மேல் சனிக்கிழமை வரிசையைப் பார்த்தால் ஏறிய சந்தோஷம் எல்லாம் வடிந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு நாசி கண்டார். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவுகட்டையின் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக விற்றது, இன்று இந்தத் தீவின் அடையாளமே அதுதான். வரிசையில் நின்று உங்கள் முறை வந்ததும் தட்டில் சோறு விழும், கோழியா மீனா என்று கை காட்டுங்கள், வெண்டைக்காய் ஒன்று கேளுங்கள். அப்புறம்தான் விஷயம்: பரிமாறுகிறவர் ஒரு அண்டாவிலிருந்து கரண்டி, அடுத்ததிலிருந்து அரைக் கரண்டி, கறுத்த குழம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் என்று சோற்றின் மேல் ஊற்றிக்கொண்டே போவார். அந்தக் கலவைதான் ருசி, தனித்தனியாகக் கேட்காதீர்கள். பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம், "எல்லாக் கொழம்பும் கலந்து ஊத்துங்க அண்ணே" என்றால் போதும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது சரிப்படாது, எல்லாக் குழம்பிலும் ஒரே கரண்டிதான் புழங்கும். அவர்கள் லெபோ பசார் பக்கம் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

சாப்பிட்டதும் வீடு, மின்விசிறி, தூக்கம். இதில் குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம்.

சாயங்காலம் ஜார்ஜ் டவுன். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர், ஆனால் தங்கியிருக்கிற நீங்கள் அதைப் பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை. ஒரு வாரம் ஒரு தெரு. 1833-லிருந்து இருக்கும் மகாமாரியம்மன் கோயிலில் சாயங்காலப் பூசை, அங்கிருந்து கபித்தான் கெலிங் பள்ளிவாசல் வழியாக நடை, ஒரு காப்பிக்கடையில் உட்காருவது, அவ்வளவுதான். ஒரே காப்பிக்கடைக்கு வாராவாரம் போங்கள் என்பதுதான் என் கட்சி. அங்கே பானம் கடைக்காரருடையது, சாப்பாடு சுற்றி நிற்கும் வண்டிகளுடையது. முதலில் மேசையைப் பிடித்து உட்காருங்கள், வண்டியில் சொல்லும்போது மேசை எண்ணைச் சொல்லுங்கள், கொண்டுவந்து வைத்ததும் அவரவருக்குத் தனித்தனியாகக் காசு கொடுங்கள். கோப்பி என்றால் கெட்டிப்பால் போட்டது, கோப்பி ஓ பாலில்லாமல் சர்க்கரையோடு, கோப்பி ஓ கோசோங் இரண்டுமில்லாமல். சில வாரம் போனால் நீங்கள் உட்காரும்போதே கோப்பி வந்துவிடும். சார் கொய் தியாவ் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) வண்டிக்கார ஆன்ட்டி, உங்கள் மனைவிக்குச் சிப்பி வேண்டாம், காரம் வேண்டும் என்று அவராகவே நினைவு வைத்துப் புரட்டிப் போடுவார். அவர் எந்த நாள் லீவு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று நாள் வருகிறவருக்கு இது கிடைக்காது, நீங்கள் இத்தனை மாதம் தங்குவதன் பலனே இதுதான்.

கடலைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவின் கடல் நீலமாக, அடி தெரியும் தெளிவோடு இருக்காது. ஜெல்லி மீன்களும் உண்டு, கொட்டினால் கடுமையாக வலிக்கும் ரகமும் இருக்கிறது. நீந்த வேண்டுமென்றால் குடியிருப்பின் நீச்சல் குளம் இருக்கவே இருக்கிறது. பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குக் காலாற நடக்கப் போங்கள். இன்னொன்று, ஜார்ஜ் டவுனின் படகுத்துறைப் பக்கம் கிழக்கு பார்த்தது. கடலில் அஸ்தமனம் பார்க்கும் ஆசையோடு அங்கே போய் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கும். அதற்குத் தீவின் மேற்குக் கரைக்குத்தான் போக வேண்டும்.

மேற்குக் கரை என்றால் பாலிக் புலாவ் என்ற சிற்றூர், என் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அதற்குத்தான், நடுப்பகல் வீட்டுக்கு என்ற ஏற்பாட்டுக்கு அன்று மட்டும் விலக்கு. ஜெட்டி எனப்படும் படகுத்துறையிலிருந்தும் ஜார்ஜ் டவுனின் கொம்தார் கட்டடத்திலிருந்தும் 401ஈ பேருந்து போகிறது, சில்லறையைச் சரியாக எடுத்துக்கொள்ளுங்கள், மீதி தரமாட்டார்கள். மலையைச் சுற்றிக்கொண்டு போவதால் நேரம் பிடிக்கும், ஆனால் பேச வேறெதுவும் குறுக்கிடாத அந்தப் பயணமே பாதி ஞாயிற்றுக்கிழமையின் சுகம். இறங்கியதும் ஒரு கிண்ணம் லக்சா, அதாவது குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். புளியும் மீனும் சேர்ந்த ஆசாம் லக்சா வேண்டுமா, தேங்காய்ப்பால் ஊற்றிய லக்சா வேண்டுமா என்று கேட்பார்கள், ஆளுக்கொன்று வாங்கிப் பாதியில் மாற்றிக்கொள்ளுங்கள். குடிக்க ஜாதிக்காய் ஜூஸ். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் வயல்களுக்கு நடுவே சமதளத்தில் ஓட்டலாம், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

மே கடைசியிலிருந்து ஜூலை வரை இங்கே இருந்தால் டுரியான் காலம். பாலிக் புலாவ் மலைத்தோட்டங்களில் மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள், பழம் தானாக விழுந்தால்தான் எடுப்பார்கள், அன்றே தின்றால்தான் அதன் அருமை. எடுத்த உடனே பெரிய பழமாக வாங்காதீர்கள். உள்ளே செம்மஞ்சளாக இருக்கும் ஆங் ஹே ஒன்று, கொஞ்சம் கசப்பு தட்டுகிற இன்னொன்று, சின்னதாக. தோட்டக்காரர் உங்கள் முன்னாலேயே கத்தி முனையால் தோலைப் பிளந்து ஒரு சுளையைக் காட்டுவார், சரியில்லை என்றால் மாற்றித் தருவார், தயங்காமல் சொல்லுங்கள். ஒருவருக்கு அந்த வாடையே ஆகாது என்றால் வற்புறுத்த வேண்டாம், அந்த மாதங்களில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் கூடவே கிடைக்கும்.

மழை விடாத வார இறுதியும் வரும், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அடிக்கடி. சௌரஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, கீழே ஊறவைத்த ஜாதிக்காயும் மாங்காயும் வாங்கிக்கொண்டு மேலே ஏறுங்கள். இல்லையென்றால் படகில் பட்டர்வொர்த் போய்த் திரும்பி வாருங்கள். மழை நேரத்தில் வாடகைக்கார் கட்டணம் ஏறும் என்பதால் அரை மணி நேரம் பொறுத்துக் கூப்பிடுவது லாபம்.

பாலிக் புலாவிலிருந்து மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள். அஸ்தமனத்துக்கு நின்றீர்கள் என்றால் இரவில் பேருந்துக்குக் காத்திருக்க நேரும், அந்த வாரம் போகவர வாடகைக்காருக்குப் பேசிவிடுவது நல்லது. மீந்த டுரியானைப் பேருந்தில் ஏற்ற விடமாட்டார்கள், பெரும்பாலான ஓட்டல்களிலும் தடை, காரென்றாலும் ஓட்டுநரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ராத்திரிக்கு ரசமும் அப்பளமும் போதும், கறிவேப்பிலையிலிருந்து எல்லாம் லெபோ பசாரில் கிடைக்கும், சனிக்கிழமை போகும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.