மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? எங்கே, எப்படிப் பதிவு செய்வது

மாத்திரை போட்ட மறுநாள் உடம்பெல்லாம் தடிப்பு. ஊசி போட்ட கையோடு தலைசுற்றல். பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பிறகு கணுக்காலில் வீக்கம். பெரும்பாலான வீடுகளில் இதற்கு அடுத்து நடப்பது ஒன்றுதான்: "இது நமக்கு ஒத்துக்கல" என்று சொல்லி, மீதி மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு மாத்திரைக்கு மாறிவிடுவார்கள். தகவல் அந்த வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. சென்னையில் மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று இதை நாள்தோறும் கேட்கும் பார்மசிஸ்ட் என்ற முறையில், அந்தத் தகவலைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது எப்படி என்று இங்கே எழுதுகிறேன். டாக்டராக இருக்கத் தேவையில்லை, ஆங்கிலம் தெரியவும் தேவையில்லை.

ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். ஒரு மருந்து விற்பனைக்கு வருமுன் சில ஆயிரம் பேரிடம்தான் சோதிக்கப்படுகிறது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட முப்பதாயிரம் பேர் அந்த மருந்தைச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஆக, அரிதான பக்கவிளைவுகள் வெளியே தெரிவது மருந்து கடைக்கு வந்த பிறகுதான், அதுவும் யாராவது வாய் திறந்தால்தான். 2023 இறுதியில் மெஃபினமிக் ஆசிட் பற்றி வந்த எச்சரிக்கை பலருக்கு நினைவிருக்கும். மாதவிடாய் வலிக்குப் பெண்கள் பலர் போட்டுக்கொள்ளும் மருந்து அது. காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டுதலோடு கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகளையும் தாக்கும் 'ட்ரெஸ் சிண்ட்ரோம்' அந்த மருந்தால் வரக்கூடும் என்று, மருந்துகளின் தரத்தையும் பக்கவிளைவுகளையும் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான இந்தியன் பார்மகோபியா கமிஷன் அறிவித்தது. நம் நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பக்கவிளைவுப் பதிவுகளைப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

1. முதலில் ஆளைப் பாருங்கள், படிவம் பிறகு

முகம், உதடு, நாக்கு வீங்குவது, மூச்சு இழுப்பது, தொண்டை அடைப்பது, மயக்கம், வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் உடனே 108. வாய்க்குள்ளும் கண்ணிலும் பிறப்புறுப்பிலும் கொப்புளம், தோல் எரிச்சல், கூடவே காய்ச்சல் என்றால் அதுவும் அவசரம்தான். காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மீதி மாத்திரையையும் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, இதய மாத்திரை, பிரஷர் மாத்திரை ஆகியவற்றைத் தொல்லை தருகிறது என்று நீங்களாகவே சட்டென நிறுத்தக் கூடாது. நிறுத்துவதாலேயே ஆபத்து வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

2. அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

பதிவுகள் பயனில்லாமல் போவதற்கு நான் பார்க்கும் முதல் காரணம் இது. "வெள்ளையா, வட்டமா ஒரு மாத்திரை" என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நம்மூரில் பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுப்பது வழக்கம். பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரான மாத்திரைகளுக்குக் கம்பெனி தரும் எண்) காலாவதி தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். வாங்கும்போதே பில் கேளுங்கள், அதில் பேட்ச் எண் இருக்கும். பில் இல்லையென்றால், வெட்டுவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான கடைக்காரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையிலோ பெட்டியிலோ 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் வரும்.

3. தேதிகளை எழுதுங்கள்

மருந்துக்கும் தொல்லைக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பவர்கள் முதலில் தேடுவது கால இடைவெளியைத்தான். கடுமையான ஒவ்வாமை சில நிமிடங்களிலேயே வந்துவிடும். மேலே சொன்ன ட்ரெஸ் சிண்ட்ரோம் இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துத் தலைகாட்டும். எனாலாப்ரில், ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரைகளால் வரும் வறட்டு இருமலுக்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம். அதற்குள் யாரும் மாத்திரையைச் சந்தேகிக்க மாட்டார்கள். இருமலுக்கு சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் காலண்டர் தாளிலோ செல்போனிலோ நான்கு தேதிகளைக் குறித்துவையுங்கள்: மருந்து ஆரம்பித்தது, தொல்லை ஆரம்பித்தது, மருந்தை நிறுத்தியது, தொல்லை அடங்கியது. முடிந்தால் மணியும். நிறுத்தியதும் அடங்கியதா, மறுபடி போட்டதும் திரும்பியதா என்ற இரண்டு விவரங்களுக்கும் ரொம்ப மதிப்பு உண்டு. அதற்காகச் சோதனை போலத் திரும்ப விழுங்கிப் பார்க்காதீர்கள், உயிருக்கே வினையாகலாம். தெரியாமல் ஏற்கெனவே நடந்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.

4. படிவத்தை நிரப்புவோம்

படிவம் இரண்டு வகை. டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் நிரப்புவது ஒன்று, பொதுமக்கள் நிரப்புவது இன்னொன்று. இரண்டாவது தமிழிலும் உண்டு. இந்தியன் பார்மகோபியா கமிஷன் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஒரு மாதிரியோடு பார்ப்போம். எங்கள் மாதிரிக் கடைகளில் அடிக்கடி நடப்பதுதான் இது.

ஆட்டோ ஓட்டுபவர், 43 வயது. வயிற்றுப்போக்குக்குச் சீட்டு இல்லாமல் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுநாள் வந்து நிற்கிறார். கீழுதட்டின் இடது ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக, செக்கச் சிவந்து நடுவில் கறுத்த ஒரு திட்டு.

"மேடம், நைட்டு மாத்திரை போட்டேன், காலைல உதடு எரியுது. சூடுதானே?"

"முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?"

"போன பொங்கலப்பவும் லூஸ் மோஷனுக்கு இதே மாத்திரை போட்டேன். இதே இடத்துலதான் கறுத்துச்சு. மூணு மாசம் போகவே இல்ல."

அந்தக் கடைசிப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. அதே மருந்து, அதே இடம், சில மணி நேரத்தில் மறுபடி. இதை வெறும் சூடு என்று விட்டுவிட முடியாது. 'ஃபிக்ஸட் ட்ரக் எரப்ஷன்' என்ற ஒவ்வாமையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வயிற்றுப்போக்குக்கு விற்கும் நார்ஃப்ளாக்சசின், டினிடசோல் கூட்டு மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துமே இதற்குப் பேர்போனவை. அவரை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, படிவத்தை இப்படி நிரப்பலாம்.

நோயாளி விவரம்: முழுப் பெயர் வேண்டாம், முதலெழுத்துகள் போதும். ஆண், 43.

எதற்காக மருந்து: வயிற்றுப்போக்கு. யார் சொன்னது என்று ஒரு கேள்வி வரும். டாக்டர், பார்மசிஸ்ட், நண்பர், உறவினர், தானாகவே என்று கட்டங்கள் இருக்கும். தானாக வாங்கியிருந்தால் கூசாமல் அதையே டிக் செய்யுங்கள். இதற்காக யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை.

மருந்து விவரம்: பிராண்டு பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்கள் இரண்டும், அவற்றின் மில்லிகிராம் அளவு, எத்தனை வேளை, ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி, காலாவதி தேதி. பேட்ச் எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதே நாளில் எடுத்த மற்றவற்றையும் சேருங்கள். நம் ஆட்டோக்காரர் நிலவேம்புக் குடிநீரும் ஒரு பாராசிட்டமாலும் எடுத்திருந்தால் அவையும் வர வேண்டும். எது காரணம் என்று தீர்ப்பு சொல்வது நம் வேலையில்லை.

பக்கவிளைவு விவரம்: "அலர்ஜி" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "இரவு 9 மணிக்கு மாத்திரை. காலை 5 மணிக்குக் கீழுதட்டின் இடது ஓரத்தில் எரிச்சல், 8 மணிக்குக் கறுத்த திட்டு. வேறெங்கும் இல்லை. காய்ச்சல் இல்லை. ஜனவரியில் இதே மாத்திரைக்கு இதே இடத்தில் வந்தது." உங்கள் பேச்சுமொழியிலேயே எழுதலாம். மருத்துவச் சொல் தேடித் திண்டாட வேண்டாம்.

எவ்வளவு கடுமை: அன்றாட வேலையைப் பாதிக்கவில்லை, பாதித்தது, மருத்துவமனையில் சேர்த்தோம், இறப்பு என்று கட்டங்கள். உள்ளதை டிக் செய்யுங்கள்.

கடைசியாக, எழுதுபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண். பலர் தயங்குவது இங்கேதான். விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும். படிவம் கொடுப்பதால் உங்களுக்கோ டாக்டருக்கோ கடைக்கோ எந்த வழக்கும் வராது. யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது உறுதியானால்தான் அது பதிவாக ஏற்கப்படும். பாதிக்கப்பட்டவர், சந்தேகத்துக்குரிய மருந்து, வந்த தொல்லை, எழுதுபவர் என்ற நான்கும் இருந்தால் போதும். மற்ற கட்டங்கள் காலியாக இருந்தாலும் அனுப்புங்கள்.

"இந்த மருந்தால்தான் வந்தது என்று நான் எப்படி நிரூபிப்பது?" என்று கேட்டே பலர் நின்றுவிடுகிறார்கள். நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகமே போதும். எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவா, புதிதா என்றும் யோசிக்க வேண்டாம்.

5. எங்கே அனுப்புவது

இருப்பதிலேயே எளிய வழி தொலைபேசிதான். இந்தியன் பார்மகோபியா கமிஷனின் எண் 1800 180 3024, கட்டணம் இல்லை. வேலை நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5.30 வரை. அட்டையையும் தேதிகளையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பக்கவிளைவைப் பதிவு செய்ய 'ஏடிஆர் பிவிபிஐ' என்ற செல்போன் செயலியும் இருக்கிறது.

நேரில் கொடுக்க விரும்பினால், நாடெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையங்கள் உண்டு. சென்னையில் சென்ட்ரல் எதிரே சென்னை மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. நீங்கள் சிகிச்சை பெறும் டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ "இதைப் பதிவு செய்து கொடுங்கள்" என்று கேட்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்க வெட்கப்படாதீர்கள்.

6. ஆங்கில மருந்து இல்லையென்றால்?

சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி மருந்துகளுக்கு ஆயுஷ் அமைச்சகத்தின் தனித் திட்டம் உண்டு. நமக்குப் பக்கத்தில் தாம்பரம் சானட்டோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் ஒரு மையம். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று நினைத்து லேகியத்தையும் சூரணத்தையும் டாக்டரிடம் சொல்லாமல் விடுபவர்கள் ஏராளம். தயவுசெய்து சொல்லுங்கள்.

தடுப்பூசி என்றால் போட்ட சுகாதார நிலையத்தில் அல்லது உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். குளுக்கோமீட்டர் தப்பாகக் காட்டியது, காப்பர்-டி தொல்லை, ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்ற கருவிகளுக்கு 2015-இல் தொடங்கிய தனித் திட்டம் உண்டு. அதற்கும் மேலே சொன்ன அதே இலவச எண்தான்.

மருந்தின் நிறம் மாறியிருக்கிறது, சிரப்பில் ஏதோ மிதக்கிறது, போலி மருந்தோ என்று சந்தேகம்: இது தரப் புகார். தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போக வேண்டும். பாட்டிலை மூடி அப்படியே வைத்திருங்கள், கழுவிவிடாதீர்கள். தரக்கோளாறும் பல நேரம் பக்கவிளைவு வேடத்தில்தான் வரும். சென்னைக்கு அருகே ஓர் ஆலையில் தயாராகி அமெரிக்காவில் விற்பனையான செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. 81 பேருக்கு அரிய வகை பாக்டீரியா தொற்று, 14 பேருக்குப் பார்வை இழப்பு, 4 மரணம். வெவ்வேறு மாநிலங்களில் ஒருவரையொருவர் அறியாத டாக்டர்கள் சொன்ன தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் எல்லோருக்கும் பொதுவாக அந்தச் சொட்டு மருந்து இருந்தது தெரிந்தது.

7. அனுப்பிய பிறகு

மையத்தில் உள்ளவர்கள் மருந்துக்கும் தொல்லைக்கும் உள்ள தொடர்பை எடைபோடுவார்கள்: உறுதி, மிகவும் சாத்தியம், சாத்தியம், சாத்தியம் குறைவு என்று தரம் பிரிப்பார்கள். பிறகு அது காசியாபாத்தில் அந்தக் கமிஷனிலேயே உள்ள தேசிய மையத்துக்கும், அங்கிருந்து சுவீடனின் உப்சாலாவில் உலக நாடுகளின் பதிவுகள் கோடிக்கணக்கில் சேர்ந்திருக்கும் தரவுத்தளத்துக்கும் போகும். ஒரே மாதிரிப் பதிவுகள் சேர்ந்தால் நிபுணர் குழு ஆராய்ந்து மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பரிந்துரை செய்யும். மருந்தோடு வரும் தாளில் எச்சரிக்கை சேர்வது அப்படித்தான்.

இதனால் உங்களுக்கு இழப்பீடோ சிகிச்சை ஆலோசனையோ வராது. சிகிச்சைக்கு டாக்டர்தான். புது விவரம் கிடைத்தால், உதாரணமாகத் திட்டு மறைந்த தேதி தெரிந்தால், முதல் பதிவின் எண்ணைச் சொல்லி அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

8. ஒரு சின்னச் சீட்டு

ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு வையுங்கள். பிராண்டு பெயர் மட்டும் போதாது, அதே மருந்து நூறு பெயர்களில் விற்கிறது. "நார்ஃப்ளாக்சசின், டினிடசோல்: உதட்டில் கறுத்த திட்டு, இரண்டு முறை" என்று மருந்துப் பெயரோடு எழுதுங்கள். வீட்டில் இன்னொருவரின் செல்போனிலும் அது இருக்கட்டும். ஓபி சீட்டு போடும்போது ஒரு முறை, மருந்துக்கடையில் பணம் கட்டும் முன் ஒரு முறை அதை எடுத்துக் காட்டுங்கள்.