கிரெஷெண்டோ முடியும் இடத்தில் ஒரு பியானோ: திடீர் ஒலி மாற்றங்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசைத்தாளில் கிரெஷெண்டோ ஹேர்பின் (சத்தம் படிப்படியாக ஏற வேண்டும் என்று காட்டும், வாய் விரியும் கோடு) நான்கு பார்களுக்கு (தாளக் கட்டங்களுக்கு) விரிந்துகொண்டே போகிறது. அது முடிந்ததும், அடுத்த பாரின் முதல் நோட்டுக்குக் கீழே ஒரு 'பி' (பியானோ, அதாவது மென்மையாக). எழுதியவர் நினைத்தது இதுதான்: சத்தம் ஏறி ஏறி உச்சத்துக்குப் போய், சட்டென்று அடங்க வேண்டும். ஆனால் வாசிப்பவர்களில் ஒருவர் அந்த 'பி'யை அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டு உரக்கவே வாசிப்பார். இன்னொருவர், 'பிபி'யிலிருந்து (மிக மென்மையாக) 'பி' வரைதான் ஏறச் சொல்கிறார்கள் போல என்று கிரெஷெண்டோவையே அடக்கி வாசிப்பார். மூன்றாமவருக்கு அந்த 'பி' முன்கூட்டியே கண்ணில் பட்டுவிடும். கடைசி பீட்டிலேயே இறங்க ஆரம்பித்துவிடுவார். மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தால் ஒத்திகை என்ன ஆகும்?

இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். நானும் செய்திருக்கிறேன். ஹேர்பின் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை எழுதாமல் விடுவதால் வரும் வினை. சரிசெய்வது எளிது. ஹேர்பினின் கடைசி நோட்டில் 'எஃப்' (ஃபோர்ட்டே, அதாவது உரக்க) என்று எழுதுங்கள். அடுத்த நோட்டில் 'பி', அதையொட்டிச் சாய்வெழுத்தில் சுபிட்டோ (திடீரென்று). ஹேர்பினின் வாய் பார் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஏற்றம் அடுத்த நோட்டுக்குள்ளும் போகிறது என்று அர்த்தமாகிவிடும். பீத்தோவன் இப்படி ஏற்றிவிட்டு டக்கென்று கீழே போடுவதில் பெயர்பெற்றவர். அவர் இசையிலேயே கடைசி பீட்டில் தளர்ந்துவிடும் கலைஞர்கள் இன்றைக்கும் உண்டு என்றால், நம்முடைய தாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தவறு, கண்ட இடமெல்லாம் சுபிட்டோ எழுதுவது. ஹேர்பின் எதுவும் இல்லாமல் 'பி'க்குப் பிறகு 'எஃப்எஃப்' (மிக உரக்க) வந்தால் அது தானாகவே திடீர் மாற்றம்தான். ஹைடன் 1791-இல் எழுதிய 94-வது சிம்பொனியின் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு முதலில் 'பி'யில் வருகிறது, திரும்ப வரும்போது 'பிபி'யில். 16-வது பாரில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் 'எஃப்எஃப்'இல் வந்து விழுகிறது. முன்னால் எந்த ஹேர்பினும் இல்லாததால் அங்கே குழப்பமே கிடையாது. சுபிட்டோவை அது இல்லாவிட்டால் சந்தேகம் வரும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் 'எஃப்பி'. ஒரே நோட்டுக்குள் உரக்கத் தொடங்கி உடனே அடங்குவதுதான் அதன் பொருள். முதல் நோட் முழுவதும் உரக்க, அடுத்த நோட்டிலிருந்து மென்மையாக என்று வேண்டுமென்றால் 'எஃப்', 'பி' இரண்டையும் தனித்தனி நோட்டுக்குக் கீழே பிரித்து எழுத வேண்டும். பியானோ என்ற கருவியில் (குறியீட்டின் பெயரையே கருவிக்கும் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்) அழுத்திய நோட்டின் சத்தத்தைச் சட்டென்று பாதியாகக் குறைக்க முடியாது. வயலினுக்கு எழுதிய 'எஃப்பி'யை அப்படியே அங்கே கொண்டுபோய் வைத்தால் அதே ஒலி வராது.

ஸ்ஃபோர்ட்ஸாண்டோ வேறு விஷயம். அது அந்த ஒரு நோட்டுக்கான அழுத்தம். பிறகு பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். இதைப் பலர் 'இங்கிருந்து சத்தமாக' என்று பயன்படுத்திவிடுகிறார்கள். சத்தம் தொடர வேண்டுமென்றால் அடுத்த நோட்டில் 'எஃப்' போட்டே ஆக வேண்டும்.

நீண்ட நோட்டின் நடுவில் அடங்க வேண்டுமா? நாலு பீட் நோட்டுக்குக் கீழே, ஏறக்குறைய பாதியில் ஒரு 'பி'யை மிதக்கவிட்டால், மூன்றாவது பீட்டா இரண்டரையா என்று யாருக்கும் தெரியாது. அதை இரண்டு பீட் நோட்டுகள் இரண்டாக உடைத்து, டை (இரண்டையும் ஒரே ஒலியாக்கும் வளைகோடு) போட்டு இணைத்து, இரண்டாவதன் கீழே 'பி' எழுதுங்கள்.

இடமும் முக்கியம். சுபிட்டோவை 'பி'க்கு முன்னால் எழுதினால் அது இடது பக்கம் நீண்டு ஹேர்பினோடு மோதும், இல்லையென்றால் 'பி' நோட்டைவிட்டு வலப்பக்கம் நகர்ந்துவிடும். பின்னால் எழுதினால் 'பி' நோட்டுக்கு நேர் கீழே நிற்கும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பாடகர்களுக்கு மட்டும் குறியீடுகள் ஸ்டாஃபுக்கு (நோட்டுகளை எழுதும் ஐந்து கோடுகளுக்கு) மேலே. கீழே பாடல் வரிகள் இருக்கும்.

கடைசியாக, கணினியில் போட்டுக் கேட்டுவிட்டு முடித்துவிடாதீர்கள். மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் 'எஃப்எஃப்'இலிருந்து 'பிபி'க்கு இறங்கிவிடும். எதிரொலிக்கும் அரங்கில் அந்த 'பிபி'யின் முதல் நோட்டுகள் முந்தைய சத்தத்துக்குள் மூழ்கிப்போகும். நடுவில் ஒரு சின்ன ரெஸ்ட் (மௌன இடைவெளி) எழுதிப் பாருங்கள். புல்லாங்குழல்காரர் மூச்செடுக்கவும் அது போதும்.