கோல்ஃபில் பந்தை எங்கே வைப்பது?

ஸ்விங்கில் (வீச்சில்) கிளப், அதாவது மட்டை, தரையை மிக நெருங்கும் இடம்தான் தாழ்புள்ளி. அது ஏறக்குறைய முன்தோளுக்கு (இலக்குப் பக்கத் தோளுக்கு) நேர் கீழே வரும், அதாவது வலது கைக்காரருக்கு இடது தோள். அயர்ன் (தரையில் கிடக்கும் பந்தை அடிக்கும் கிளப்) என்றால் பந்து இதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும், அப்போதுதான் கிளப் இறங்குகிற வேகத்திலேயே முதலில் பந்தைத் தொட்டு, அப்புறம் புல்லைப் பெயர்க்கும். மிக நீண்ட தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவருக்கு நேர்மாறு: பந்து டீ (பந்தைத் தாங்கும் சிறு முளை) மேல், முன்குதிகாலின் உள்பக்கத்துக்கு நேராக, கிளப் ஏறும்போது அடி.

சரி, உங்கள் தாழ்புள்ளி எங்கே இருக்கிறது? தரையில் ஒரு கோடு போட்டு, அதைப் பந்து என்று நினைத்துக்கொண்டு 7-ஆம் எண் அயர்னை நாலைந்து முறை வீசிப் பாருங்கள். புல் பெயர்வது கோட்டிலோ அதைத் தாண்டியோ தொடங்கினால் நல்லது. கோட்டுக்குப் பின்னாலேயே தொடங்கினால் உடனே பந்தை நகர்த்திச் சமாளிக்காதீர்கள். பெரும்பாலும் உடல் எடை பின்காலிலேயே தங்கியிருக்கும், முதலில் அதைக் கவனியுங்கள்.