பிக்கப்பின் கிரவுனை மாற்றலாமா? மலையில் வண்டி ஓட்டத் தொடங்கியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

போன மழைக்காலத்தில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து மண்பாதையில் ஒரு பிக்கப் மாட்டிக்கொண்டது. இடது பின்சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிச் செஞ்சேற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வலது சக்கரமோ காய்ந்த பாறைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஓட்டி வந்த தம்பி இறங்கி வந்து, "அண்ணே, கிரவுனை மாற்றிவிட வேண்டியதுதான்" என்றார். பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்சிலின் நடுவே, அவற்றைச் சுழற்றும் பெரிய பல்சக்கரத்தைத்தான் கிரவுன் என்பார்கள். அதே வாரம் அடிவாரத்தில் டீக்கடையில் இன்னொருவர், மேட்டில் வண்டி இழுக்கவில்லை, கிரவுனை மாற்றப் போகிறேன் என்றார். மூன்றாமவரின் வண்டியில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். அவரும் கிரவுனைத்தான் குற்றம் சொன்னார்.

மூவரும் சொன்னது ஒன்றே, ஆனால் மூன்று வண்டிக்கும் மூன்று வெவ்வேறு நோய். முதல் வண்டிக்குப் பிடிப்பு இல்லை. இரண்டாவதற்கு இழுவை இல்லை. மூன்றாவதற்கு ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. இது புரியாமல் பின் ஆக்சிலைப் பிரித்தால் பணமும் போகும், நோயும் அப்படியே இருக்கும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் மிளகும் காப்பியும் ஏற்றி இறக்கிய அனுபவத்தில், பிரிப்பதற்கு முன்னால் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் நான்கு சிறு பல்சக்கரங்கள் இருக்கும். சில வண்டிகளில் ஆறு. டிஃபரன்ஷியல் என்பது அந்தக் கூடுதான்.

அது ஏன் வேண்டும்? அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளைவில் வண்டி முழு அரைவட்டம் திரும்பும்போது, வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ 4.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வித்தியாசம் மாறாது, 1.4ஐ 3.14ஆல் பெருக்கினால் வருவது அதுதான். இரண்டு சக்கரமும் ஒரே கம்பியில் இறுகியிருந்தால் அந்த 4.4 மீட்டரையும் ஏதாவது ஒரு டயர் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். டிஃபரன்ஷியல் அதைத் தவிர்க்கிறது.

ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் அது சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சேற்றில் சுழலும் சக்கரத்துக்குப் பெரிய விசை தேவைப்படாது. ஆகவே பாறைமேல் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கும். நாகலூர் தம்பியின் வண்டி நின்றது பழுதால் அல்ல. சாதாரண டிஃபரன்ஷியல் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

படி 1: சத்தமா? பிரிப்பதற்கு முன் கேளுங்கள்

ஆள் நடமாட்டம் குறைந்த சமதளச் சாலையில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் அந்தச் சத்தம் குறைந்தாலோ மாறினாலோ சந்தேகம் கிரவுன், பினியன், பினியன் பேரிங் பக்கம் போகும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமி, வண்டியை இடமோ வலமோ திருப்பும்போது மட்டும் கூடிக் குறைந்தால் அது பெரும்பாலும் சக்கரப் பேரிங். கிளட்ச்சை விட்டுக் கிளம்பும்போது "டக்" என்று ஓர் அடி அடித்தால் ஷாஃப்ட்டின் மூட்டில் உள்ள சிலுவை வடிவ இணைப்பான கிராஸைப் பாருங்கள். கிரவுன் போய்விட்டது என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் சில, கிராஸை மட்டும் மாற்றிக்கொண்டு நிம்மதியாகத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: ஆயிலில் விரலை விடுங்கள்

இந்தப் படியை யாரும் தவிர்க்காதீர்கள். கிரவுனையும் பினியனையும் மூடியிருக்கும் இரும்பு உறைதான் ஹவுசிங். அதில் இரண்டு மரைத் திருகுகள் இருக்கும். பாதி உயரத்தில் இருப்பது ஆயில் ஊற்றுவதற்கு, அடியில் இருப்பது வடிப்பதற்கு. மேலே உள்ளதை முதலில் கழற்றுங்கள். அடித்திருகைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டபின், மேல்திருகு துருப்பிடித்துக் கழல மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

வண்டி சமதளத்தில் ஆறிய நிலையில் நிற்கட்டும். மேல்துளையில் சுண்டுவிரலை விட்டு மெல்ல மடக்குங்கள். துளையின் கீழ்விளிம்பிலேயே ஆயில் தொட வேண்டும். தொடவில்லை என்றால் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான சீல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஹவுசிங்கின் மேலே உள்ள சிறிய காற்றுத்துளை மண்ணால் அடைபட்டாலும் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல்கூட ஒழுகும். தோட்டத்துப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு இது வாடிக்கை.

இப்போது விரலில் ஒட்டிய ஆயிலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து வெயிலில் பாருங்கள். கறுத்திருந்தால் பயம் வேண்டாம், பழைய ஆயில். கருகிய வாசனை வந்தால் அளவுக்கு மீறிய சூடு பட்டிருக்கிறது. பாலும் காப்பியும் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அடித்திருகின் முனையில் காந்தம் இருந்தால் அதையும் துடைத்துப் பாருங்கள். மைபோன்ற சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். நகத்தில் நெருடும் சில்லுகளோ பல்லின் உடைந்த துண்டோ கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம், அதற்குமேல் ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

மறுபடி ஊற்றும்போது வண்டியின் கையேட்டில் சொன்ன ஆயிலையே வாங்குங்கள். பெரும்பாலான பிக்கப்களின் பின் ஆக்சிலுக்கு ஜி.எல்.5 தரம். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே அமைந்த வகைகளில் பற்கள் உருளுவதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அந்த உராய்வைத் தாங்கும் சேர்மானம் அதில்தான் இருக்கிறது.

படி 3: இழுவை இல்லையா? பற்களின் கணக்கைப் பாருங்கள்

முதலில் வேறு காரணங்களைக் கழியுங்கள். மேட்டில் எஞ்சின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிறது என்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. டீசல் ஃபில்ட்டர், காற்று ஃபில்ட்டர், டர்போவின் ரப்பர் குழாய் மூன்றையும் பாருங்கள்.

அடுத்து டயர். பெரிய டயர் அழகாக இருக்கிறது என்று மாற்றியவர்களே இழுவை இல்லை என்று அதிகம் புலம்புகிறார்கள். 215/75 ஆர்15 டயரின் உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 சுமார் 733. நான்கு சதவீதத்துக்குமேல் கூடுதல். அந்த அளவுக்கு இழுவை குறைந்துவிடும். பழைய அளவு டயருக்குத் திரும்புவதே அங்கே சரியான வைத்தியம்.

இவை எல்லாம் சரி என்றால் விகிதத்தை எண்ணுங்கள், அதாவது கிரவுன் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை. சமதளத்தில் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போடுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கியர் நியூட்ரல், கைப்பிரேக் விடுபட்டிருக்க வேண்டும். டயரிலும் ஷாஃப்ட்டிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக 20 சுற்று சுற்றுங்கள். கூட இருப்பவர் பக்கவாட்டில் உட்கார்ந்து ஷாஃப்ட் எத்தனை சுற்றியது என்று எண்ணட்டும்.

மறுசக்கரம் தரையில் நிற்பதால் கிரவுன் பாதிதான் சுற்றும், அதாவது 10 சுற்று. ஷாஃப்ட் 41 சுற்றினால் விகிதம் 4.1. நாற்பத்தைந்தரையை ஒட்டி வந்தால் 4.56. நாற்பத்தொன்பதைத் தொட்டால் 4.88. எண் கூடக்கூட மேட்டில் இழுவை கூடும், சமதளத்தில் எஞ்சின் அதிகம் சுற்றும். சக்கரம் சுற்ற மறுத்துக் கெட்டியாக இருந்தால் ஏற்கெனவே வழுக்கல் தடுக்கும் டிஃபரன்ஷியல் பொருத்தியிருக்கலாம்.

இந்த எண்ணிக்கையைச் செய்யாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் முந்தைய பிக்கப்பில் பினியன் பேரிங் உடைந்தபோது, பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் முழு ஹவுசிங்காக வாங்கி மாட்டினேன். "அதே வண்டியினுடையதுதான்" என்றார்கள். மலையில் ஏறும்போது அருமையாக இருந்தது, மூன்றாம் கியரில் திணறிய இடமெல்லாம் தாண்டிப் போனது. மறுநாள் லாரிகளுக்குப் பெயர்போன சங்ககிரிக்கு நெடுஞ்சாலையில் போனபோதுதான் தெரிந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடிய எஞ்சின் 3,000ஐ ஒட்டி அலறியது. வேகமானியும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியது, ஏனென்றால் அந்த வண்டியில் அது கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கிறது. எண்ணிப் பார்த்தேன். பழையது 4.1, மாட்டியது 4.88. டீசல் செலவைத் தாங்க முடியாமல் இரண்டு மாதத்தில் மறுபடி பிரித்தேன்.

ஆகவே என் கருத்து இது. வாரத்தில் ஆறு நாள் மலையிலேயே ஏறி இறங்கும் வண்டிக்கு 4.1லிருந்து 4.56க்கு மாறுவது நியாயம். இழுவை 11 சதவீதம் கூடும், இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்துவதும் அதே அளவு கூடும். வாரம் ஒருமுறை ஏற்காடு ஏறி, மற்ற நாளெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம், ஒரு கியர் குறைத்து ஏறுங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் பின்னால் மட்டும் மாற்றவே கூடாது. முன் ஆக்சிலும் அதே விகிதத்தில் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும்.

படி 4: பிடிப்பு இல்லையா?

சுமையில்லாத பிக்கப்பின் பின்பக்கம் லேசானது. மழைநாளில் காலி வண்டியோடு தோட்டத்துக்குள் போகிறீர்கள் என்றால், ஆக்சிலுக்கு நேர்மேலே நான்கு மணல்மூட்டைகளைக் கட்டிவைத்துப் பாருங்கள். தரையைப் பிடிக்கும் டயர் பட்டன் தேய்ந்திருந்தால் முதலில் டயரை மாற்றுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுழலும் நேரத்தில், கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும் வண்டிகளில் அதை இரண்டு மூன்று "டிக்" சத்தம் கேட்கும் அளவுக்கு மட்டும் இழுத்து, மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சுழலும் சக்கரத்துக்கு எதிர்ப்பு கூடுவதால் மறுசக்கரத்துக்கும் விசை போகும். நாகலூரில் அந்தத் தம்பியின் வண்டி வெளியே வந்தது இப்படித்தான்.

இதற்குப் பிறகும் மாதத்தில் பல நாள் மாட்டிக்கொள்கிறீர்கள் என்றால், வழுக்கல் தடுக்கும் வகையோ பூட்டும் வகையோ வாங்க யோசிக்கலாம். தகடுகளால் வழுக்கலைக் குறைக்கும் எல்.எஸ்.டி. வகை எப்போதும் கொஞ்சம் வேலை செய்துகொண்டே இருக்கும். நாளடைவில் தகடு தேயும், ஆயிலில் தனிச் சேர்மானம் கலக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பூட்டும் வகைதான் சேற்றுக்கு மிகச் சிறந்தது. ஆனால் நேராக, மெதுவாகப் போகும்போது மட்டும் பூட்ட வேண்டும், தார்ச்சாலைக்கு வருமுன் திறந்துவிட வேண்டும். பூட்டியபடி கொண்டை ஊசியில் திரும்பினால், நான் மேலே சொன்ன 4.4 மீட்டர் கணக்கு டயர்மீதும் ஆக்சில் ஷாஃப்ட்மீதும் விழும். ஈரச்சாலையில் வண்டி திரும்பாமல் நேராகவே போகும். பக்கத்தில் பள்ளத்தாக்கு இருக்கும் சாலையில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

படி 5: முடிவெடுத்தபின்

உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியென்றால் கை வைக்காதீர்கள். மற்ற வண்டிகளுக்கும், மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்கும் அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கிரவுனையும் பினியனையும் எப்போதும் ஜோடியாகவே வாங்குங்கள். தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசிப் பொருத்திய ஜோடி அது. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பேரிங், சீல், இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடான ஷிம், கூலி, ஆயில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை கேட்டு எழுதி வாங்குங்கள்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, பல் இடைவெளியை எதை வைத்து அளப்பீர்கள்?" கொண்டலாம்பட்டி பக்கத்தில் ஒரு பெரியவர் பதில் சொல்லாமல் மேசை இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய டயல் கேஜை, அதாவது நுண்ணிய இடைவெளியை அளக்கும் முள்மானியை, எடுத்துக் காட்டினார். பிறகு கிரவுன் பற்களில் சாயம் தடவிச் சுற்றி, பினியன் பதிந்த தடத்தைக் காட்டி, "தம்பி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா பார். ஓரத்தில் விழுந்தால் மறுபடி ஷிம் மாற்ற வேண்டும்" என்றார். மூன்று முறை மாற்றினார். அந்த வண்டி இன்றும் சத்தமில்லாமல் ஓடுகிறது. கையால் அசைத்துப் பார்த்தே சரியாக வைத்துவிடுவேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். இங்கே கணக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு.

புதிய ஜோடியை மாட்டியபின் முதல் 25 கிலோமீட்டரைக் காலி வண்டியாக, மிதமான வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, ஹவுசிங் முழுதும் ஆறும்வரை காத்திருங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டருக்கு முழுச்சுமை ஏற்றி மலை ஏறாதீர்கள், அதுவரை காப்பி மூட்டைகளுக்கு வேறு வண்டி பிடியுங்கள். 800 முடிந்ததும் ஆயிலை வடித்து, அடித்திருகின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். இந்த முறை பசை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். சில்லு இல்லையென்றால் புதிய வாஷர் போட்டு இறுக்கி, சுண்டுவிரலில் தொடும்வரை ஆயில் ஊற்றி மேல்திருகை மூடுங்கள்.